வீட்டின் விலை ஒன்று, வீட்டின் கணக்கு வேறு

(பெண்ணாடத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டை வாங்குவதில் என்ன கஷ்டம் என்று நாம் நினைக்கிறோம். வாங்கியவர்களைக் கேட்டால்தான் தெரியும்!

நம்மில் வெள்ளாற்றைத் தாண்டி சிமெண்ட் ஆலைக்குப் போகிறவர் உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்குப் போகிறவர் உண்டு. நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற தாய்மார் உண்டு. எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: வாடகை கேட்டு எவரும் வாசலில் வந்து நிற்காத ஒரு வீடு. நியாயமான ஆசை. ஆனால் தரகர் சொல்லும் விலை நாம் கொடுக்கப்போகும் விலை அல்ல. இதைத்தான் இன்று பேச வந்தோம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சிறு வீடு 8 லட்சம் ரூபாய். சர்க்காரின் வழிகாட்டி மதிப்பும் அதுவே என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 100க்கு 5, சொத்து மாற்றத் தீர்வை 2, பதிவுக் கட்டணம் 2. ஆக 100க்கு 9. எட்டு லட்சத்துக்கு 72,000 ரூபாய்! தினக்கூலி 500 ரூபாய் என்றால் இது 144 நாள் உழைப்பு. சோறு, துணி எதுவுமில்லாமல் 144 நாள்!

இதைக் குறைக்கச் சிலர் ஒரு வழி சொல்வார்கள்: "பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவோம்." கேட்காதீர்கள். மதிப்புக் குறைவு என்று சந்தேகம் வந்தால் முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவின்படி விசாரணை வரும்; மீதித் தீர்வையைக் கட்டச் சொல்லி நோட்டீஸும் வரும்.

நேர்வழி ஒன்று உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 100க்கு 1 குறைவு. நம் கணக்கில் 8,000 ரூபாய் மிச்சம்; 16 நாள் கூலி. வீட்டுக்கு உரிமைக்காரியாகவும் அவள் ஆகிறாள். ஆண்தோழர்கள் இதை மனதில் வையுங்கள்.

இத்தோடு முடிந்ததா? இல்லை. பத்திரம் எழுதுகிறவருக்குக் கூலி. வில்லங்கச் சான்றுக்குக் கட்டணம். வங்கிக் கடன் என்றால் விண்ணப்பச் செலவு, வக்கீல் பார்வைச் செலவு, மதிப்பீட்டுச் செலவு, பத்திர ஒப்படைப்புக்குத் தனித் தீர்வை. கிரயம் முடிந்தபின் பட்டா மாற்றம், வீட்டுவரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம். பழைய வரி பாக்கி இருந்தால் அதுவும் நம் தலையில் விழும். குடிபோன முதல் மழையில் கூரை ஒழுகினால் கொத்தனார் கூலி வேறு!

இவையெல்லாம் பணத்தோடு போகும். வீட்டையே கொண்டுபோகும் செலவும் உண்டு. வில்லங்கச் சான்றில் பதிவான விவகாரம்தான் தெரியும்; பதியாத உயிலும், வாய்ப்பேச்சுப் பாகப்பிரிவினையும் அதில் வராது. விற்கிறவர் மூலப் பத்திரத்துக்குப் பதிலாக நகலைக் காட்டினால், அசல் எந்த இடத்தில் அடகில் இருக்கிறது என்று கேளுங்கள். மனை வாங்குகிறவர்கள் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுத்தது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்குள் விற்பனையான மனைகளுக்கே அந்த வாய்ப்பு. அதற்கும் கட்டணம் உண்டு. "வாங்கிப்போடு, பிறகு சரியாகும்" என்கிற பேச்சை நம்பி ஏமாறாதீர்கள்.

தோழர்களே, இந்த எதிர்பாராத செலவு வரும் நாளில் நம் கையில் என்ன இருக்கும்? சேமிப்பு முழுவதும் அட்வான்ஸில் போயிருக்கும். குறித்த நாளில் கிரயம் முடிக்காவிட்டால் அட்வான்ஸும் போய்விடும் என்கிற பயம் பிடிக்கும். மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போகும். அதுவும் போதாவிட்டால் வட்டிக்காரர் வாசல். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் சட்டம் வந்தது. ஆனாலும் அவசரக்காரன் சட்டம் பார்த்துக் கடன் வாங்குவதில்லை. 72,000 ரூபாய்க்காக வாங்கிய கடன், 8 லட்சம் வீட்டை விழுங்கிவிடும்!

சர்க்காரிடம் கேட்கவும் நமக்கு நியாயம் உண்டு. 2017-இல் பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 ஆக்கினார்கள். வழிகாட்டி மதிப்பைக் குறைத்தார்கள். 2023-இல் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். மதிப்பைப் பழையபடி ஏற்றினார்கள். ஒரு கை கொடுத்தது, மறு கை எடுத்தது! கோடி ரூபாய் பங்களாவுக்கும் கூலிக்காரன் குடியிருப்புக்கும் 100க்கு ஒரே 7 தீர்வை எப்படி நியாயமாகும்? முதல் வீடு வாங்கும் உழைப்பாளிக்குத் தீர்வையைக் குறை என்று கேட்போம். ஒருவர் கேட்டால் மனு; ஆயிரம் பேர் கேட்டால் கோரிக்கை.

அதுவரை, அட்வான்ஸ் கொடுக்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். விலைக்குமேல் 100க்கு 9 தனியே எடுத்து வையுங்கள். சில்லறைச் செலவுக்கும் பழுதுபார்ப்புக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். பத்திரம் படிக்கத் தெரிந்த தோழரை உடன் அழைத்துப் போய் மூலப் பத்திரம், வில்லங்கம், பட்டா மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் ஆறு மாதம் பொறுப்பதில் வெட்கம் இல்லை. வீடு எங்கும் ஓடிப்போகாது. கடன்தான் நம்மை ஓட வைக்கும்.

முதலில் கணக்கு, பிறகு அட்வான்ஸ்! இதை வீட்டுக்குப் போய் எல்லோருக்கும் சொல்லுங்கள், தோழர்களே!