ஒளியில் ஆடும் அணு
(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயச் சொற்பொழிவுகளுக்கிடையே விஞ்ஞானம் பற்றியும் சில வார்த்தை பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். அணுவை ஒளியினால் மீண்டும் மீண்டும் அடித்தால் என்ன நிகழும் என்பதே யான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு சில்லின் விளிம்பிலே கைப்பிடியொன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சில்லு தன்பாட்டிற் சுழல்கின்றது. ஒழுங்கான இடைவேளைகளில் அக்கைப்பிடி மீது கீழ்நோக்கி ஓர் அடி விழுகின்றது. அவ்வேளை கைப்பிடி எப்பக்கம் நிற்கின்றதோ அதற்கேற்ப வேகம் கூடும், அல்லது குறையும். அடி வலிதாயின், மயிரிழை வேறுபாட்டுடன் தொடங்கிய இரு சில்லுகள் சில அடிகளுக்குள் முற்றிலும் வேறான வழிகளிற் சென்றுவிடும். இதுவே குழப்ப இயக்கம். இத்தகைய சில்லுகள் பலவற்றை ஒருங்கே நோக்கினால், அவற்றின் சராசரிச் சக்தி அடிக்கு அடி வளர்ந்துகொண்டே போகும்.

அணுவோ சில்லைப் போன்றதன்று; அது அலையின் இயல்பும் உடையது. காசாத்தி, சிரிக்கோவ், இஸ்ரைலெவ், போட் என்னும் நால்வர் 1979 இல் வெளியிட்ட கணிப்பு வியப்பைத் தந்தது. அலைக்குரிய விதிப்படி கணித்தபோது, சக்தி சிறிது காலம் வளர்ந்து, பின்னர் நின்றுவிட்டது! 1982 இல் பிஷ்மன், கிரெம்பெல், பிராங்கே ஆகியோர் காரணங் காட்டினர். பல வழிகளாற் செல்லும் அலைகள், தொலைவில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒழுங்கற்ற திண்மத்தினுள்ளே எலத்திரன் அலை சிக்கிக்கொள்ளும் என அண்டர்சன் 1958 இற் சொன்னதும் இதற்கு ஒப்பானதே.

கணக்கு மெய்யாவென அறியும் வழி 1995 இற் பிறந்தது. அமெரிக்காவின் ஒஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் சர்வகலாசாலையில், ரைசனும் அவர்தம் குழுவினரும் சோடியம் அணுக்களை லேசர் ஒளியினாலேயே தனிப்பூச்சியத்துக்கு மிக அண்மைவரை குளிர்வித்தனர். எதிரெதிராய் வரும் இரு லேசர்க் கதிர்கள் கூடி, அசையாது நிற்கும் ஒளியலையொன்றை ஆக்கும். அதனைக் கணநேரம் ஏற்றி அணைத்தால் அணுவுக்கு ஓர் அடி. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே அணு நிற்கும் இடத்தைப் பொறுத்து அடியின் அளவும் திசையும் மாறும். நமது சில்லின் கதையேதான். அடிகள் தொடர்ந்தன. சக்தி முதலில் வளர்ந்தது, பின்பு நின்றது. கணக்கு மெய்யாயிற்று.

அவ்வாறாயின், நாம் காணும் உலகிற் குழப்பம் ஏன் உண்டு? 1998 இல் ஒஸ்டினிலும் நியூசிலாந்தின் ஒக்லந்திலும் இதனை ஆராய்ந்தனர். அடிகளின் வலிமையை ஒழுங்கின்றி மாற்றியபோதும், அணு இடையிடையே ஒளியை உறிஞ்சி உமிழச் செய்தபோதும், நின்ற வளர்ச்சி மீண்டும் தொடங்கியது. புறத்தொந்தரவு அலைகளின் இசைவைக் கெடுக்கவே, அணுவும் சில்லைப் போலாகிவிடுகின்றது. பெரும் பொருள்களோ காற்றும் ஒளியும் ஓயாது மோதக் கிடப்பவை. ஆதலால் அந்த நுண்ணிய அடக்கம் அவற்றில் நிலைப்பதில்லை.

வாலிபர்களே! இதைக் கேட்டவுடன், 'எம் முன்னோர் அன்றே சொன்னது' என்று துள்ள வேண்டாம். அது சமயத்துக்கும் பெருமையன்று, விஞ்ஞானத்துக்கும் பெருமையன்று. கணித்தவர்கள் தங்கள் கணிப்பை நம்பியதோடு அமையவில்லை. பதினாறு ஆண்டுகளின் பின்னராயினும் அது சோதனையில் உரைத்துப் பார்க்கப்பட்டது. அந்தப் பொறுமையையும் நேர்மையையும் நாம் கற்றுக்கொள்வோமாக.