புதுத் துப்பாக்கியும் உப்புக்காற்றும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் போனில் கூப்பிட்டு, "நீ ஏதோ துப்பாக்கி வாங்கியிருக்கியாமே, அதைப் பத்திப் பேசேன்" என்றார். நான் உப்புக்காற்றில் இயந்திரங்களைப் பராமரிப்பது பற்றிப் பேசலாம் என்று குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். "அதைக் கேட்க யார்யா வருவா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆனாலும் பாருங்கள், துப்பாக்கி பற்றிப் பேச வந்தாலும் உப்புக்காற்று என்னை விடப்போவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சங்க நிதியிலிருந்து கல்லூரிக்கு ஒரு நல்ல போட்டித் துப்பாக்கி வாங்கிக் கொடுக்கலாமா என்ற பேச்சு நிர்வாகக் குழுவில் நடக்கிறது. என்.சி.சி.யில் .22 ரைஃபிளைப் பிடித்துத் தோள் சிவந்த பழைய மாணவர்கள் இந்த யோசனைக்குப் பலமான ஆதரவு. நான் இரண்டு மாதமாக அப்படி ஒன்றை வைத்துப் பழகுகிறேன். என் அனுபவம் அந்தப் பேச்சுக்குப் பயன்படட்டும்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். இது வெடிமருந்துத் துப்பாக்கி அல்ல. 10 மீட்டர் ஏர் பிஸ்டல். சிறிய சிலிண்டரில் அடைத்த காற்று, 4.5 மி.மீ. ஈயக் குண்டை விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் தள்ளும். குண்டின் எடை அரை கிராம். கணக்குப் போட்டால் ஆற்றல் 6 ஜூலுக்குள்தான் வரும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. வரையிலான, 20 ஜூலைத் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அதற்காக இதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணில் பட்டால் கண் போனதுதான்.

குறி பார்ப்பது நம் சீமைக்குப் புதிதும் அல்ல. பக்கத்துச் சிவகங்கையில் சின்ன மருது தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தார் என்று கர்னல் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பிற்பாடு அதே வெல்ஷ் மருதுவுக்கு எதிரான படையில் இருந்தார் என்பது வேறு கதை. அதைப் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

சரி, பெட்டியைத் திறப்போம். உள்ளே பிஸ்டலோடு ஓர் அட்டை இருந்தது. தொழிற்சாலையில் பிஸ்டலை இடுக்கியில் இறுக்கி வைத்து 10 மீட்டரில் 5 குண்டு சுட்ட அட்டை. ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஓட்டை, குண்டைவிடச் சற்றே பெரியது. போட்டி அட்டையில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. குண்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே அந்தப் புள்ளி கிடைத்துவிடும் என்பதால், குண்டின் மையம் நடுவிலிருந்து ஏறக்குறைய 8 மி.மீ. விலகினாலும் 10 தான். ஆக, இந்த இயந்திரத்தை விட்டுவிட்டால் அது காலையிலிருந்து சாயங்காலம் வரை பத்து பத்தாகச் சுட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் நாம்தான் கையை நுழைக்கிறோம்.

நுழைத்தேன். பழைய பிஸ்டலில் 60 குண்டுக்கு நான் கடைசியாக எடுத்தது 600க்கு 551. புதியதில் முதல் நாள் 543! வீட்டில் மனைவி கேட்டார்: "ரெண்டு லட்சத்தச் சுத்தி ஆச்சே, எட்டு புள்ளி குறையுறதுக்கா?" நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் எனக்கு இந்தத் துப்பாக்கியே புரிந்தது.

இந்த இடத்தில் மாணவர்கள் கொஞ்சம் கவனியுங்கள், உங்கள் பாடம்தான். பிஸ்டலில் பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு கம்பம். பள்ளத்தின் நடுவே கம்பம் நிற்க வேண்டும், தலைகள் சமமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி என் பிஸ்டலில் ஏறக்குறைய 33 செ.மீ. இலக்கு இருப்பது 10 மீட்டரில். அதாவது 30 மடங்கு. கம்பம் பள்ளத்தில் 0.3 மி.மீ. நகர்ந்தால், மூன்று தாள் கனம்தான், அட்டையில் 9 மி.மீ. தள்ளிப் போகும், பத்து ஒன்பதாகிவிடும். அதே நேரம் கை முழுதும் ஆடி, பிஸ்டல் கோணம் மாறாமல் 5 மி.மீ. பக்கவாட்டில் போனால் குண்டும் அதே 5 மி.மீ.தான் போகும். அது இன்னும் பத்துதான். பார்க்கிறவருக்குக் கை ஆடுவதுதான் தெரியும். புள்ளியைத் தின்பது மணிக்கட்டின் கண்ணுக்குத் தெரியாத திருப்பம். ஆகவே கண் பார்க்க வேண்டியது கறுப்பு வட்டத்தை அல்ல, முன் கம்பத்தை. வட்டம் மங்கலாகத் தெரிந்தால் தெரியட்டும். இதை நம்ப மனசு வரவே வராது.

புதுத் துப்பாக்கியின் கைப்பிடி என் மணிக்கட்டை ஒவ்வொரு முறையும் துளி இடப்பக்கம் திருப்பியது. பெட்டியில் வருகிற வால்நட் கைப்பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவில் வரும். அடியில் உள்ளங்கைத் தாங்கி ஒன்று ஏறி இறங்கும். இதெல்லாம் தைத்து வாங்கிய சட்டையில் பட்டன் மாற்றுகிற வேலை. சரியாகப் பொருந்த வேண்டுமென்றால் மரத்தைச் செதுக்கத்தான் வேண்டும். விதி அதை அனுமதிக்கிறது. மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி மட்டும் இருக்கக் கூடாது.

இரண்டு லட்ச ரூபாய் பொருளில் அரம் போட யாருக்கு மனசு வரும்? கைப்பிடியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு பாம்பனில் எனக்குத் தெரிந்த ஓடாவி ஒருவரிடம் போனேன். வாழ்நாள் முழுக்க வள்ளம் கட்டியவர்.

"என்ன தம்பி, வெளிநாட்டுக்காரன் செஞ்ச கட்டையக் கொண்டாந்திருக்கீக?"

"கொஞ்சம் இழைக்கணும்ணே. கைக்கு ஒக்கல."

"கையக் காட்டுங்க."

உள்ளங்கை முழுக்கக் காவியைக் குழைத்துத் தடவினார். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். எடுத்தபோது மரத்தில் சிவப்பு எங்கெல்லாம் அழுத்தமாக ஒட்டியிருந்ததோ அங்கே உளியை வைத்தார், எங்கே ஒட்டவே இல்லையோ அங்கே மரத்தூளும் பசையும் கலந்து பட்டி வைத்தார். "பலகையும் பலகையும் சேக்கிறதும் இதான தம்பி. மேடு எங்க, பள்ளம் எங்கன்னு மரமே சொல்லிரும்" என்றார். நம் ஒர்க்‌ஷாப்பில் முதலாண்டில் நீல மை தடவி இரும்புப் பரப்பைத் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினோமே, அதே வேலை. நமக்கு அது ரெக்கார்டு நோட்டுக்காகச் செய்தது. அவருக்குத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்பதற்காகச் செய்தது. கட்டைவிரல் அடியில் அரை மில்லிமீட்டர் கூட எடுக்கவில்லை. கூலி வாங்க மறுத்து, டீ மட்டும் குடித்தார்.

அதற்கப்புறம் மூன்று வாரத்தில் 558. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, கண்ணைத் திறந்தால் கம்பம் பள்ளத்தின் நடுவிலேயே நிற்கிறது. கைப்பிடி சரியாக இருக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

டிரிகரைப் பற்றிச் சொல்லாமல் போனால் துப்பாக்கிக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். விதிப்படி குறைந்தது 500 கிராம் இழுவை வேண்டும். சோதனை மேசையில் அந்த எடையை டிரிகரில் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். நல்ல பிஸ்டலில் அது இரண்டு கட்டமாக இருக்கும். பெரும் பாரத்தை முதல் கட்டத்திலேயே விரல் ஏற்றுக்கொள்ளும், பிறகு ஒரு சுவர் மாதிரி தட்டும், அதைத் தாண்டக் கொஞ்சம் அழுத்தினால் போதும். என் பழைய பிஸ்டலில் இந்தச் சுவர் இருக்கும் இடம் தினம் ஒரு மாதிரி. புதியதில் என்றைக்கும் ஒரே இடம். காசு எங்கே போயிருக்கிறது என்று கேட்டால் பாதி இங்கேதான் போயிருக்கிறது. மின்னணு டிரிகர் உள்ள வகையும் கிடைக்கிறது. அருமையானதுதான், ஆனால் நம் கடற்கரையில் மின் இணைப்புகள் படும் பாட்டைத் தினம் பார்க்கிறவன் என்பதால் நான் இயந்திர டிரிகரையே எடுத்தேன். சுட்டபின் உதைப்பு ஏறக்குறைய தெரியவே இல்லை. உள்ளே ஒரு சின்ன எடை குண்டுக்கு எதிர்த்திசையில் நகர்ந்து உதைப்பை வாங்கிக்கொள்கிறது.

இனி உப்புக்காற்று. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைக் கடல் என்ன பாடுபடுத்தியது என்று உங்களுக்குத் தெரியும். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். உலோகம் எப்படி அரிக்கிறது என்று ஆராய, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தைத் தேடி வந்து நிலையம் வைத்தது என்றால் நம் காற்றின் பெருமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில்தான் இந்தப் பிஸ்டலும் இருக்கிறது. நான் சுட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய்த் துணியால் தடவி, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைக்கிறேன். கூடவே வந்த பஞ்சுப் பெட்டியில் வைப்பதே இல்லை. பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வியர்வையும் உப்புதான், மறக்க வேண்டாம்.

வெளியே துடைப்பது எளிது. உள்ளே போகும் காற்றுதான் கவலை. சிலிண்டர் சுமார் 100 மில்லி. 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறக்குறைய 20 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போகிறது. நம் ஊர்க் காற்றில், 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதம் என்றால், அந்த 20 லிட்டரில் அரை கிராம் தண்ணீர் இருக்கும். ஒவ்வொரு நிரப்புதலுக்கும் அரை கிராம்! கைப்பம்பில் உள்ள வடிகட்டி கொஞ்சத்தைப் பிடிக்கும், எல்லாவற்றையும் அல்ல. ஆகவே உலர்த்தி நிரப்பிய ஸ்கூபா சிலிண்டரிலிருந்து நிரப்புவதே நல்லது. சிலிண்டர் மேல் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பத்து ஆண்டு தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். அது வீண் கெடுபிடி இல்லை, 200 பார் விளையாட்டில்லை.

பழுது என்பது எவருக்கும் வரும். 2021 ஜூலை 25 அன்று டோக்கியோவில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி நேரம் பறிபோனது. 575 எடுத்து 12ஆம் இடம், இறுதிச் சுற்று இரண்டே புள்ளியில் தவறியது. அதே பெண் 2024 ஜூலை 28 அன்று பாரிசில் வெண்கலம் வாங்கினார். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து இன்னொன்று. அந்தக் கலப்பு அணிப் போட்டியில்தான் 51 வயது துருக்கியர் யூசுப் டிகெச் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கை பையில் போட்டபடி வெள்ளி வாங்கிப் பத்திரிகைகளில் பிரபலமானார். எங்கள் பேட்ச் நண்பர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன்.

இனி சங்கத்தின் கேள்விக்கு வருகிறேன். போட்டிப் பிஸ்டல் வாங்கிக் கொடுக்கலாமா? இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. ஒருவர் கைக்குச் செதுக்கிய கைப்பிடி அடுத்தவர் கையைத் திருப்பும். இருபது மாணவர்கள் மாறி மாறிப் பிடிக்கிற பிஸ்டலில் இரண்டு லட்சத்தைப் போட்டால், அது பீரோவில் பூட்டி, ஆண்டு விழாவுக்கு மட்டும் வெளியே வரும். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. பழைய டிராயிங் ஹாலை டேப் பிடித்து அளந்துவிட்டேன், நீளம் 14 மீட்டர். சுடும் கோட்டிலிருந்து 10 மீட்டரில் இலக்கு, மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில். பின்னால் குண்டு பிடிக்கும் பெட்டியும் கெட்டியான தடுப்பும். இலக்கின் மேல் 1500 லக்ஸ் வெளிச்சம். மேற்கு மூலையில் ஒழுகுகிறதே, அதை முதலில் அடைக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு சாதாரணப் பயிற்சிப் பிஸ்டல் மூன்று, அதில் ஒன்று இடக்கைக்காரர்களுக்கு. கை கழுவத் தண்ணீர்க் குழாய் கட்டாயம், ஈயத்தைத் தொட்ட கையோடு வடை சாப்பிடக் கூடாது. பெண்களுக்கும் 2018 முதல் ஆண்களைப் போலவே 60 குண்டுதான். ஆகவே இடமும் நேரமும் சரிபாதி ஒதுக்க வேண்டும். ஒரு பையனோ பெண்ணோ 540ஐத் தாண்டி நின்றால், அப்போது அவர் கையை அளந்து ஒரு போட்டிப் பிஸ்டல் வாங்குவோம். அதற்கு என் பங்கை இப்போதே எழுதிக்கொள்ளலாம். ஓடாவி அண்ணனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு, முதல்வர் அவர்களின் அனுமதியோடு, பிஸ்டலை டிராயிங் ஹாலில் காட்டுகிறேன். குண்டு போட மாட்டேன், பாதுகாப்புக் கொடி குழலிலேயே இருக்கும். பிடித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் கை துடைத்துவிட்டு வாருங்கள். வலக்கைக் கைப்பிடிதான், இடக்கைக்காரர்கள் பார்த்துவிட்டு மட்டும் போகலாம்.