நீர்ப்பிரமியைச் சோதிப்பது எப்படி?



தலைமை உரையில் பல மூலிகைகளைத் தொட்டுச் செல்வது வழக்கம். நான் நீர்ப்பிரமியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஈர நிலத்திலும் குட்டை ஓரத்திலும் படர்ந்து கிடக்கும் கசப்பான பூண்டு அது. மனக்கலக்கத்துக்கும் ஞாபக மறதிக்கும் நம் மருத்துவர்கள் அதை நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அதிலுள்ள பாகோசைடுகள் எனும் வேதிப்பொருள்களை ஆராய்ந்து, தரப்படுத்திய சாற்றை உருவாக்கியது. அதன் பின் ஆஸ்திரேலியாவில் நடந்த இரண்டு சோதனைகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

2001-இல் மெல்போர்னின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகக் குழு, நலமாக உள்ள 46 பேரை 12 வாரம் சோதித்தது. ஒரு பிரிவுக்கு நாளுக்கு 300 மில்லிகிராம் சாறு. மற்றதற்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. மூலிகைப் பிரிவில் கற்கும் வேகம் கூடியது, பதற்றம் குறைந்தது. மறு ஆண்டு வொல்லாங்காங் பல்கலைக்கழகக் குழு, 40 முதல் 65 வயதுக்குட்பட்ட 76 பேரிடம் மூன்று மாதம் சோதித்தது. அங்கே கற்கும் வேகம் மாறவில்லை, பதற்றமும் குறையவில்லை. புதிதாகக் கற்றதை மறப்பது மட்டும் மட்டுப்பட்டது. அன்றாட ஞாபகத்தைப் பற்றிய வினாத்தாளிலோ இரு பிரிவினருக்கும் வேறுபாடே இல்லை.

இந்த முரண்பாட்டை நாம் மறைக்கக் கூடாது. விளம்பரங்களில் முதல் ஆய்வு மட்டும் இடம்பெறுவது எனக்கு உண்மையான வருத்தத்தைத் தருகிறது. நினைவாற்றல் என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவது பல வேலைகளின் கூட்டு. மெல்போர்னில் பயன்பட்ட சொற்பட்டியல் சோதனையைப் பாருங்கள். 15 சொற்களை வாசித்துக் காட்டி, நினைவில் நின்றதைச் சொல்லச் சொல்வார்கள். இப்படி ஐந்து முறை. பிறகு வேறொரு பட்டியலைக் கொடுத்துக் கவனத்தைக் கலைத்து, ஏறத்தாழ அரை மணி கழித்து முதல் பட்டியலைக் கேட்பார்கள். ஐந்து முறையில் மதிப்பெண் ஏறும் விதம் கற்றலைக் காட்டும். கடைசியில் எஞ்சுவது மறதியைக் காட்டும். நம்மவர்களிடம் இதை நடத்த, ஆங்கிலப் பட்டியலை அப்படியே தமிழாக்கினால் போதாது. பழகிய சொல்லும் அரிய சொல்லும் ஒரே மாதிரி மனத்தில் நிற்பதில்லை.

மன அழுத்தத்தை அளப்பது இன்னும் கடினம். உமிழ்நீரில் கார்ட்டிசால் எனும் மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்க்கிறோம். அது விழித்தெழுந்த சிறிது நேரத்தில் உச்சத்துக்குப் போய், இரவில் இறங்கிவிடும். ஒருவரிடம் காலையிலும் இன்னொருவரிடம் மாலையிலும் எடுத்தால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

கால அளவும் முக்கியம். ஒரே வேளை 300 மில்லிகிராம் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் 38 பேரைச் சோதித்தபோது மாற்றம் ஏதும் தெரியவில்லை. தேர்வுக்கு முந்திய இரவு பிள்ளைக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

செடி எது என்பதையும் உறுதி செய்யுங்கள். பிரமி என்ற பெயரில் சந்தையில் வல்லாரையும் வருகிறது. வல்லாரை கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலை அகன்று சிறுநீரக வடிவில் இருக்கும். நீர்ப்பிரமியின் இலை சிறியது, சதைப்பற்றானது. உலர்த்திப் பொடித்துவிட்டால் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆய்வகச் சோதனை தேவை.

இன்னொன்று. நீர்ப்பிரமி சிலருக்கு வயிற்றைக் கலக்கும், மலம் அடிக்கடி போகும். அதை வைத்தே தமக்குக் கிடைத்தது மூலிகைதான் என்று அவர்கள் ஊகித்துவிடலாம். எனவே சோதனை முடிவில், உங்களுக்குக் கிடைத்தது எது என்று நினைக்கிறீர்கள் என அனைவரையும் கேட்டு, அந்தப் பதிலையும் வெளியிட வேண்டும்.

இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007 முதல் இயங்குகிறது. எதை அளக்கப் போகிறோம் என்பதை முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே அதில் எழுதிவிடுங்கள். கிடைத்த பத்து அளவுகளில் சாதகமான ஒன்றைப் பொறுக்கும் ஆசைக்கு அப்போது இடமிருக்காது. பலன் தெரியாமல் போனாலும் அதை அச்சிடுங்கள். நம் முன்னோரின் மருத்துவத்தின் மீது பற்றுள்ளவன் என்பதால்தான் இதை வற்புறுத்துகிறேன்.

முதல் அமர்வை, பலன் காணாத ஆய்வுகளைப் படைக்க வந்திருக்கும் இளைஞர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். அவர்களைத் தயங்காமல் கேள்வி கேளுங்கள். மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.