சுங்குடியும் பாரிஸ் நகரத்துத் தையல்காரரும்

(நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வங்கியில் லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவனுக்கும் ஆடை அலங்காரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். என் பேத்தி ஆடை வடிவமைப்பு படிக்கிறாள். அவள் பாடத்தில் வந்த ஒருவருடைய கதையைக் கேட்டபோது, எனக்கு நம்ம ஊர் மஹால் பக்கத்துத் தெருக்கள்தான் நினைவுக்கு வந்தன. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அவர் பெயர் கிறிஸ்டோபல் பலென்சியாகா. ஸ்பெயின் நாட்டின் வடக்கே, கடலோரத்தில் கெட்டாரியா என்ற சிற்றூரில் 1895-இல் பிறந்தவர். அப்பா மீனவர், அம்மா தையல் வேலை செய்தவர். அம்மாவின் ஊசி நூலைப் பிடித்துத் தொழில் பழகினார். சொந்த நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டதும் 1937-இல் பாரிஸ் சென்று கடை திறந்தார். 1968-இல் மூடும் வரை, உலகத்தின் பெரிய பணக்காரப் பெண்கள் அவர் தைத்த ஆடைக்காகக் காத்திருந்தார்கள்.

அவர் எதைத் தைத்தார் என்பதுதான் விஷயம். கடலுக்குப் போகும் மீனவர் போட்ட தொளதொள சட்டை, கோயில் பாதிரியாரின் அங்கி, காளைச் சண்டை வீரரின் குட்டை ஜாக்கெட், ஸ்பானியப் பெண்கள் தலையில் போடும் லேஸ் முக்காடு, இவற்றையெல்லாம் பாரிஸ் மேடைக்குக் கொண்டுவந்தார். வெலாஸ்குவெஸ் என்ற ஓவியர் 17-ஆம் நூற்றாண்டில் வரைந்த குட்டி இளவரசியின் உடையைப் பார்த்து, 1939-இல் ஒரு கவுன் தைத்தார். பாரிஸுக்குப் போனாலும் ஊரை விடவில்லை. ஊரும் அவரை விடவில்லை. 2011-இல் கெட்டாரியாவிலேயே அவர் பெயரில் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள. ஸ்பெயின் என்றாலே பூவேலை செய்த, ஓரத்தில் குஞ்சம் தொங்கும் பட்டுச் சால்வைதான் நினைவுக்கு வரும். ஃபிளமென்கோ நடனக்காரிகள் போட்டுக்கொள்வது. அதன் பெயர் 'மணிலா சால்வை'. ஆனால் அது மணிலாவிலும் நெய்ததல்ல, ஸ்பெயினிலும் நெய்ததல்ல. சீனத்தில் செய்து, மணிலா துறைமுகம், மெக்சிகோ வழியாக ஸ்பெயின் வந்த சரக்கு. வந்த இடத்தில் நீளமாகக் குஞ்சம் வைத்துத் தமதாக்கிக்கொண்டார்கள். கலை இப்படித்தான் ஊர் விட்டு ஊர் போகும். அதில் தவறே இல்லை.

நம்ம சுங்குடியும் அப்படி வந்ததுதான். குஜராத் பக்கத்திலிருந்து பல தலைமுறைகளாகத் தெற்கே நகர்ந்து வந்த சௌராஷ்டிர மக்கள், நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைபெற்றார்கள். அங்கே 'பாந்தனி' என்று சொல்லும் முடிச்சுச் சாய வேலை, இங்கே பருத்திச் சேலையில் சுங்குடி ஆனது. விரல் நுனியால் துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் அவிழ்த்தால், கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. கட்டுவதைக் குறிக்கும் அதே வடநாட்டுச் சொல் ஆங்கிலத்துக்குப் போய் 'பண்டானா' ஆகிவிட்டது. இன்று பைக் ஓட்டும் பையன்கள் தலையில் கட்டுகிறார்களே, அந்தத் துணிதான்.

ஆக, பலென்சியாகாவுக்கும் நமக்கும் ஒரே கதை. முடிவு மட்டும் வேறு. எங்கே வேறுபட்டது?

பாரிஸில் 'ஓட் கூட்யூர்' என்ற பெயர் சட்டப் பாதுகாப்பு உள்ளது. பாரிஸில் சொந்தப் பட்டறை வேண்டும், இத்தனை தொழிலாளர் வேண்டும், வாடிக்கையாளர் அளவுக்குத் தைத்துத் தர வேண்டும் என்று விதிகள். பட்டியலில் இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. நமக்கும் சட்டம் இருக்கிறது. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கு 2013-இல்தான். மல்லிக்கு முன்பே அங்கீகாரம் வாங்கியது சுங்குடி! ஆனால் கடையில் போய்ச் 'சுங்குடி' என்று கேட்டால், பெரும்பாலும் எடுத்துப் போடுவது புள்ளி அச்சடித்த சேலை.

அச்சுச் சேலையை நான் குறை சொல்லவில்லை. மெழுகு அச்சும் கைத்தொழில்தான், அதிலும் பல குடும்பங்கள் சாப்பிடுகின்றன. கட்டுவதற்கும் துவைப்பதற்கும் சுகமாக இருக்கிறது. விலையும் நம் கைக்கு எட்டும். அச்சை முடிச்சு என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், அது என் பழைய பழக்கம். ஒரு சேலையில் 10,000 முடிச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். கை ஓடுகிற ஒரு பெண் நிமிடத்துக்கு 10 முடிச்சு போடுகிறார் என்றால் 1,000 நிமிடம், அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம். வீட்டு வேலை போக நாளைக்கு 4 மணி நேரம் உட்கார்ந்தால், முடிச்சுக்கு மட்டும் 4 நாளுக்கு மேல். அதற்குப் பிறகு சாயம், அலசல், அவிழ்ப்பு. மணிக்கு 50 ரூபாய் என்று கூலி போட்டாலும் முடிச்சுக்கே 850 ரூபாய் ஆகிறது. துணி, சாயம், கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்கு ஒருவர் 'அசல் முடிச்சுச் சுங்குடி' தருகிறார் என்றால், ஒன்று அது முடிச்சு இல்லை, அல்லது யாரோ ஒரு அம்மாவின் கூலி விடுபட்டிருக்கிறது. வரவு செலவு வேறெப்படியும் டேலி ஆகாது.

கூலி கட்டாத தொழிலை எந்தப் பெண்ணும் தன் மகளுக்குச் சொல்லித் தரமாட்டார். குறியீட்டுச் சான்றிதழைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். விரலில் இருக்கிற வித்தை ஒரு தலைமுறை விட்டால் புதுப்பிக்க முடியாது.

அசலைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முடிச்சுப் போட்ட இடம் லேசாகச் சுருங்கி, தடவினால் கைக்குத் தெரியும். ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி அச்சாக இராது. எல்லாப் புள்ளியும் ஒரே அளவில், வரிசை பிசகாமல் நின்றால் அது அச்சு.

இப்போது நம் சங்கத்து விஷயம். பொங்கல் விழாவுக்கு மகளிர் குழுவினர் அனைவரும் சுங்குடிச் சேலை கட்டுவதென்று பேச்சு இருக்கிறது. நல்ல யோசனை. இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, பட்ஜெட் காரணமாக அச்சுச் சேலை எடுத்தால், பில்லில் 'அச்சு' என்றே எழுதி வாங்குங்கள். இரண்டாவது, கோலப் போட்டிக்குப் பாத்திரம் பரிசாகக் கொடுப்பதற்குப் பதில், முதல் மூன்று பரிசுக்கு மட்டும் முடிச்சுச் சேலை, அதையும் கட்டுகிற குடும்பத்திடமே நேரில் போய், அவர்கள் சொல்லும் விலைக்கு எடுப்போம். மூன்று சேலையால் தொழில் பிழைத்துவிடாது, எனக்கும் தெரியும். ஆனால் நம் குடியிருப்பில் மூன்று வீட்டிலாவது அசல் எது என்று கைக்குத் தெரியும். அடுத்த கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கும்போது அவர்கள் கேட்டு வாங்குவார்கள்.

பாரிஸில் பெயரைக் காப்பாற்ற ஒரு குழு உட்கார்ந்து சரிபார்க்கிறது. இங்கே கடை வாசலில் நிற்கிற நாம்தான் அந்தக் குழு.