கருத்துக் கேட்டார்களாம் – யாரிடம்?

(யானைக்கவுனியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கூட்டத்துக்கு வர்ற வழியில வால்டாக்ஸ் ரோட்டுல ஒரு பெட்டிக்கடை ஓரமா நின்னேன். பத்து நிமிஷம் இருக்கும். மூட்டை இறக்கிட்டு வந்த நாலு பேர் சிகரெட் வாங்கினாங்க. நாலு பேரும் ஒத்த சிகரெட். ஒருத்தர் கையிலயும் பாக்கெட் இல்லை. பாக்கெட் கடைக்காரர் கிட்டதான் இருக்கு. அந்தப் பாக்கெட்டின் முன்னும் பின்னும் 85 விழுக்காடு இடத்தில் புற்றுநோய்ப் படமும் எச்சரிக்கையும் அச்சடித்திருக்கிறார்கள். யாருக்காக அந்தப் படமோ அவர் அதைப் பார்ப்பதே இல்லை.

அந்த 85 விழுக்காட்டுக்காக டில்லியில் நடந்த சண்டையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பீடி குடிக்காதே, சிகரெட் பிடிக்காதே என்று புத்தி சொல்ல வரவில்லை. சேரிக்குப் புத்தி சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. என் கேள்வி வேற. ஒரு விதி போடும்போது ‘எல்லாத் தரப்பையும் கேட்டோம்’ என்கிறது அரசு. அந்த ‘எல்லாத் தரப்பு’ யார்?

கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் என்ன என்று வடசென்னைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எண்ணூரில் அனல் மின் நிலையம் என்றால் பந்தல் போட வேண்டும், மைக் வைக்க வேண்டும், கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ உட்கார வேண்டும். மக்கள் சொன்னதை எழுதி, அங்கேயே மக்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை அப்படிச் சொல்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியில் கூட்டம் என்றார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பரில் என்றார்கள், மறுபடியும் தள்ளிவைத்தார்கள். ஆனாலும் பந்தல் என்று ஒன்று உண்டு. உள்ளே போய்க் கத்தவாவது இடம் உண்டு.

சிகரெட் பாக்கெட் விதிக்கு அந்தப் பந்தல்கூட இல்லை. இத்தனைக்கும் இது நம்ம ஊர் விஷயம். ஐ.டி.சி. கம்பெனி தன் சிகரெட்டுக்கு அட்டை அச்சடிக்க 1925இல் ஒரு பிரிவு தொடங்கியது. அதன் ஆலைகளில் ஒன்று திருவொற்றியூரில் இருக்கிறது. அட்டை இங்கே அச்சாகிறது. அட்டையில் என்ன இருக்க வேண்டும் என்பது மட்டும் வேறு எங்கோ மூடிய கதவுக்குள் முடிவாகிறது.

அந்தக் கதவுக்குள் நடந்ததைக் கொஞ்சம் பார்ப்போம்.

புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது 2003இல். பாக்கெட்டில் படம் போட வேண்டும் என்ற முதல் அறிவிக்கை 2006இல். அதில் மண்டை ஓடு இருந்தது. அப்போது சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். அவர் கட்சியின் சாதி அரசியலோடு நமக்கு என்ன தகராறு என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் அந்தப் படத்துக்காக நின்றார் என்பதை மறைக்கக்கூடாது. பீடி முதலாளிகள் எதிர்த்தார்கள். விஷயம் பிரணாப் முகர்ஜி தலைமையில் அமைச்சர் குழுவுக்குப் போனது. அவருடைய தொகுதி மேற்கு வங்கத்தின் ஜங்கிப்பூர், பீடி சுற்றும் வட்டாரம். தேதி தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் 2009 மே 31 முதல் படம் வந்தது. மண்டை ஓடு காணோம். முன்பக்கம் மட்டும் 40 விழுக்காடு. மெல்லும் புகையிலைக்கு என்ன படம் தெரியுமா? தேள். தேளுக்கும் வாய்ப்புற்றுக்கும் என்ன சம்பந்தம்? படிக்கத் தெரியாதவனுக்காக வைத்த படம், படித்தவனுக்கும் புரியாமல் போனது.

அடுத்தது 2014 அக்டோபர். இரண்டு பக்கமும் 85 விழுக்காடு, 2015 ஏப்ரல் 1 முதல் அமல் என்று அறிவிக்கை வந்தது. இதை மக்களவையின் சார்நிலைச் சட்டமியற்றல் குழு ஆராய ஆரம்பித்தது. தலைவர் அகமத்நகர் பா.ஜ.க. எம்.பி. திலீப் காந்தி. உறுப்பினர்களில் ஒருவர் அலகாபாத் எம்.பி. ஷியாமா சரண் குப்தா. அவர் யார்? பீடித் தொழில் நடத்துகிற முதலாளி. பீடிக் கட்டில் எவ்வளவு பெரிய படம் வேண்டும் என்று விசாரிக்கிற இடத்தில் பீடிக் கட்டின் சொந்தக்காரரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்! ஊர்ப் பஞ்சாயத்தில் நம்ம நிலத்தை வளைத்தவனே நாட்டாமையாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதைப் பார்த்தவர்கள் நாம். நமக்கு இது புதுசில்லை. தனக்கு நேரடி ஆதாயம் உள்ள உறுப்பினர் குழுவில் இருப்பதை ஆட்சேபிக்க மக்களவை விதிகளிலேயே வழி இருக்கிறது. விதி இருந்தது, நாற்காலியும் இருந்தது.

அமலுக்கு வரவேண்டிய நேரத்தில், 2015 மார்ச்சில், நிறுத்திவை என்றது குழு. அரசும் நிறுத்தியது. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்று இந்தியாவில் செய்த ஆய்வு ஏதும் இல்லை, எல்லாம் வெளிநாட்டு ஆய்வு என்கிற பொருளில் குழுத் தலைவர் பேசினார். விடாமல் புகைத்தும் நோய் வராத ஆட்களைக் காட்டுகிறேன் என்கிற பொருளில் குப்தா பேசினார். அதற்கு முந்தின மாதம்தான் மகாராஷ்டிர உள்துறை அமைச்சராக இருந்த ஆர்.ஆர். பாட்டீல் வாய்ப்புற்றில் செத்திருந்தார்.

இந்திய ஆய்வு இல்லையா? தோழர்களே, இந்தச் சென்னையிலேயே இருக்கு. டாக்டர் கஜலட்சுமியும் கூட இருந்தவர்களும் சென்னை நகரத்திலும் விழுப்புரம் வட்டாரக் கிராமங்களிலும் செத்துப்போன 43 ஆயிரம் ஆண்களைக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் யார் புகைத்தார் என்று விசாரித்து, உயிரோடு இருக்கும் 35 ஆயிரம் பேரோடு ஒப்பிட்டார்கள். 2003இல் ‘லான்செட்’ இதழில் அது வந்தது. காசநோயில் சாகிற வாய்ப்பு புகைப்பவர்களுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு என்பது அதன் முக்கியக் கண்டுபிடிப்பு. காசநோய் எங்கே குடியிருக்கிறது? காற்று வராத ஒற்றை அறையில், கால்வாய் ஓரத்தில், நம்ம வீட்டில். அந்த 43 ஆயிரத்தில் நம்ம பாட்டன்மார் எத்தனை பேர் இருப்பார்கள்! செத்து எண்ணிக்கையான பிறகும் டில்லியில் அவர்கள் சாட்சியாகவில்லை.

குழு 2016 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. சிகரெட்டுக்கு 50 விழுக்காடு போதும், பீடிக்கும் மெல்லும் புகையிலைக்கும் ஒரு பக்கம் போதும் என்றது. ஆனால் அதற்குள் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தலையிட்டிருந்தது. 2016 ஏப்ரல் 1 முதல் 85 விழுக்காடு அமலானது. கம்பெனிகள் சிகரெட் உற்பத்தியை நிறுத்திக் காட்டின. மே மாதம் உச்ச நீதிமன்றம் விதிப்படி நடக்கச் சொன்னது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இன்றைக்கும் படம் நிற்பது அந்தத் தடை உத்தரவின் பலத்தில்.

இப்ப ஒரு தோழர் கேட்கலாம்: ‘சரி, கம்பெனிக்காரன் தோத்துட்டான். படம் வந்துடுச்சு. இன்னும் என்ன குறை?’

குறை இங்கதான் ஆரம்பிக்குது.

பீடி முதலாளி எந்த வாதத்தைத் தொடங்கினாலும் முதல் வரியில் வருவது தொழிலாளி. படம் பெரிசானால் பீடி விற்காது, லட்சக்கணக்கான ஏழைப் பெண்கள் பட்டினி கிடப்பார்கள். நாட்டில் பீடித் தொழிலாளர்கள் ஏறத்தாழ 50 லட்சம் என்பது அரசுக் கணக்கு. பெரும்பாலோர் வீட்டில் இருந்தே சுற்றும் பெண்கள். நம்ம மாநிலத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டு, திருநெல்வேலி, தென்காசி என்று போய்ப் பாருங்கள். தலித் பெண்கள், இஸ்லாமியப் பெண்கள், பிற்படுத்தப்பட்ட பெண்கள். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஏஜெண்ட் எண்ணிப் பார்த்து ‘இது கழிவு’ என்று ஒதுக்கினால் அதற்குக் கூலி கிடையாது.

அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் படத்தை எதிர்த்தார்கள். ஆனால் அவள் திண்ணைக்குப் போய், ‘அம்மா, நீ என்ன சொல்றே?’ என்று அவள் மொழியில் கேட்பதற்கு அந்த நடைமுறையில் இடமே இல்லை. கேட்டிருந்தால் அவள் பாக்கெட்டைப் பற்றி மட்டும் பேசியிருக்க மாட்டாள். இருமலைப் பற்றிப் பேசியிருப்பாள். கழிவு பீடியைப் பற்றிப் பேசியிருப்பாள். ‘என் பொண்ணு இந்தத் தொழிலுக்கு வரவேணாம், வேற வேலைக்கு வழி சொல்லு’ன்னு கேட்டிருப்பாள். கடையில் விற்கிற கட்டுக்குப் படம் உண்டு. அவள் மடிக்கு வருகிற தூளுக்கு எந்தப் படமும் இல்லை.

அவள் மேல் இருக்கிற அக்கறை எவ்வளவு என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 1976இல் போட்ட சட்டத்தின்படி பீடி மீது ஒரு தீர்வை வசூலித்து, தொழிலாளிக்கு மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, வீடு கட்ட உதவி என்று செலவழித்தார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். படத்துக்கு எதிராக ‘ஐயோ தொழிலாளி’ என்று கேட்ட குரல் அன்றைக்கு எங்கே போயிற்று?

எதிர்த்தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ‘எங்களை மட்டும் சந்தேகப்படுகிறீர்களே, புகையிலை ஒழிப்பு அமைப்புகளுக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறதே’ என்கிறது தொழில்துறை. 2017இல் பப்ளிக் ஹெல்த் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை உரிமத்தை மத்திய அரசு ரத்து செய்தபோது, புகையிலைக் கொள்கைக்காக அது ஆதரவு திரட்டியது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இங்கிலாந்திலும் இதே கதை. பிராண்டு அலங்காரமே இல்லாத பாக்கெட் கொண்டுவரலாமா என்று 2012இல் மக்கள் கருத்து கேட்டார்கள். ஆறு லட்சத்துக்கு மேல் பதில் குவிந்தது. மிகப் பெரும்பாலானவை இரண்டு தரப்பும் ஆள் வைத்துத் திரட்டிய கையொப்பங்கள். புகையிலைப் பணத்தில் நடந்த இயக்கத்தின் மீது போலிக் கையொப்பப் புகார் வந்தது. அரசுப் பணம் வாங்கும் அமைப்புகளே ஆதரவு திரட்டுகின்றன என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் தலையை எண்ணி முடிவெடுக்காமல், தனியாக ஒரு மருத்துவரை வைத்து ஆதாரங்களை ஆராய்ந்து, பிறகுதான் 2015இல் சட்டம் கொண்டுவந்தார்கள்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நோயை விற்பவனும் நோயைத் தடுப்பவனும் ஒரே தட்டில் இல்லை. 2004இல் இந்தியா ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலை ஒப்பந்தத்தின் 5.3ஆம் பிரிவும், கொள்கை வகுக்கும்போது புகையிலை வியாபார நலனிலிருந்து அதைக் காப்பாற்று என்றுதான் சொல்கிறது. ஆனால் அரசே இரண்டு கையோடு நிற்கிறது. ஒரு கை படம் போடுகிறது. இன்னொரு கையில் 1975இல் சட்டம் போட்டு வைத்த புகையிலை வாரியம். ஐ.டி.சி.யின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று, நம்ம ஜனங்க சீட்டு கட்டுகிற எல்.ஐ.சி. இதற்கு நடுவில் நடக்கிற கருத்துக் கேட்பில், பணம் எங்கிருந்து வந்தாலும் வெளியே சொல் என்று கேட்பதுதான் நம் நிலைப்பாடு. இரண்டு தரப்புக்கும் வக்கீல் இருக்கிறார்கள். சுற்றுகிறவளுக்கும் குடித்துச் சாகிறவனுக்கும் யார்?

‘எங்களுக்காக நீ பேசாதே, எங்களைப் பேசவிடு’ என்பது நம் இயக்கத்தின் முதல் பாடம். 1890களில் இதே சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் கையொப்பம் வாங்கிப் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பினார். ஆள் வைத்து வாங்கிய கையொப்பம் இல்லை அது. பெயர் போடவே அஞ்சிய ஜனம் போட்ட பெயர். 1919இல் சவுத்பரோ குழு முன் சாட்சி சொன்ன அம்பேத்கர், தீண்டப்படாதவர்களைத் தீண்டப்படாதவர்கள்தான் பிரதிநிதித்துவம் செய்ய முடியும் என்று வாதாடினார். சட்டமன்றத்துக்குக் கேட்டது சிகரெட் பாக்கெட்டுக்கும் பொருந்தும்.

மறுபடியும் அந்தப் பெட்டிக்கடைக்கு வர்றேன். ஒத்த சிகரெட் விற்பதையே தடை செய்ய 2021 ஜனவரியில் ஒரு திருத்த வரைவை மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. கருத்துச் சொல்ல அந்த மாதம் 31ஆம் தேதி வரை அவகாசம். வால்டாக்ஸ் ரோட்டில் எத்தனை கடைக்காரருக்கு அது தெரிந்திருக்கும்? எத்தனை மூட்டை தூக்குபவருக்கு? அந்த வரைவு சட்டமாகவில்லை. நாளைக்கு வேறு உருவத்தில் வரலாம். வரும்போது நாம் நாலு விஷயம் கேட்க வேண்டும்.

ஒன்று: வரைவு தமிழில் வரவேண்டும். வந்த கருத்து ஒவ்வொன்றும், கொடுத்தவர் யார், அவருக்குப் பணம் கொடுப்பது யார் என்பதோடு வெளியாக வேண்டும்.

இரண்டு: அந்தத் தொழிலில் ஆதாயம் உள்ளவர் சாட்சி சொல்லட்டும். நீதிபதி நாற்காலியில் உட்காரக்கூடாது.

மூன்று: மின் நிலையத்துக்குப் போடும் பந்தலை இதற்கும் போடு. பேரணாம்பட்டில் போடு, தென்காசியில் போடு, யானைக்கவுனியில் போடு.

நான்கு: பீடியைக் குறைக்கிற ஒவ்வொரு விதியோடும், சுற்றுகிற பெண்ணுக்கு மாற்று வேலைக்கான பணத்தையும் சேர்த்து அறிவி. புகையிலை வரியிலிருந்தே கொடு.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த வரைவு வரும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே நாலு தெரு சுற்றுங்கள். இருமுகிறவரிடம் கேளுங்கள், கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள், எழுதி வையுங்கள். அவர்கள் சொன்னதை அழகுபடுத்தாதீர்கள். அது நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் எழுதுங்கள். நாளைக்கு ‘எல்லாத் தரப்பையும் கேட்டோம்’ என்று அவர்கள் சொல்லும்போது, அந்த நோட்டை எடுத்து மேசையில் போடலாம்.

ஜெய்பீம்.