மும்மூர்த்திகளுக்கு முகம் தந்தவர்

(தியாகராஜ ஆராதனையை ஒட்டி ஸ்ரீராம்புரத்தில் அங்கத்தினர்கள் கூடியபோது ஆற்றிய உரை)



இத்தனை நேரம் பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடியவர்கள் முன்னால் சங்கீதத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. கேட்பதோடு சரி. ஆனால் படம் பார்ப்பதில் சிறு வயதிலிருந்தே பைத்தியம் உண்டு. ஆகவே மேடையில் மாலை போட்டு வைத்திருக்கிறோமே, அந்தப் படத்தைப் பற்றியே பத்து நிமிஷம் பேசுகிறேன்.

இதுதான் தியாகையரின் முகம் என்று நமக்கு யார் சொன்னார்கள்? பிரான்ஸில் டாகேர் என்பவருடைய புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட வருஷம் 1839. சியாமா சாஸ்திரிகள் 1827-லும், முத்துசுவாமி தீட்சிதர் 1835-லும் சித்தியடைந்துவிட்டார்கள். தியாகையர் மட்டும் 1847 வரை இருந்தார். அவருக்கும் போட்டோ கிடையாது. சீடர் பரம்பரையில் போற்றி வந்த பழைய சித்திரங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இன்று நம் வீடுகளிலும் சபாக்களிலும் மிகுதியாகப் பார்க்கிற மும்மூர்த்திகள், மயிலாப்பூர் எஸ். ராஜம் வரைந்த மும்மூர்த்திகள்.

ராஜம் 1919-ல் பிறந்து 2010 ஜனவரியில் காலமானார். இளையவர்கள் பலருக்கு அவர் பெயர் தெரியாது. வீணை எஸ். பாலசந்தரின் அண்ணா என்றால் சிலருக்கு ஞாபகம் வரும். பதினைந்து வயதில், 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராமராக நடித்தார். சீதையாக நடித்தவர் அவருடைய சகோதரி ஜெயலட்சுமி. கூடப் பிறந்தவர்கள் இப்படி நடிக்கலாமா என்று அந்த நாளில் பேச்சு எழுந்ததாம்! அம்பி தீட்சிதர், பாபநாசம் சிவன், மதுரை மணி ஐயர் என்று பெரியவர்களிடம் பாட்டு கற்றார். விவாதி ராகங்கள் என்றால் மற்றவர்கள் ஒதுங்கிப் போன காலத்தில், கோடீஸ்வர ஐயரின் 72 மேளகர்த்தா கிருதிகளை எடுத்துப் பாடிப் பரப்பியவர். சென்னை வானொலியில் உத்தியோகம். ஓவியமும் முறையாகப் பள்ளியில் பயின்றவர்தான். ஆனால் அவர் கையை மாற்றியது அஜந்தா.

படத்தை ஒரு நிமிஷம் பாருங்கள். கழுத்தில் நிழல் விழவில்லை. முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு என்பதும் இல்லை. மெல்லிய கோடு, அடங்கிய வர்ணம், பாதி மூடிய கண், நீண்ட விரல்கள். இத்தனையும் அஜந்தாவின் சொத்து. இதற்கு நேர் எதிர் வழி ரவிவர்மாவுடையது. மேல்நாட்டு எண்ணெய் வர்ணம், ஒளியும் நிழலும், பட்டுப் புடவையின் மடிப்பைத் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கும். 1894-ல் பம்பாயில் அவர் அச்சகம் தொடங்கிய பிறகு, அந்த லட்சுமியும் சரஸ்வதியும் நாடெங்கும் பூஜை அறைக்குள் வந்துவிட்டார்கள். அழகுதான். ஆனாலும் யாரோ பெரிய இடத்துப் பெண்மணி நவராத்திரிக்கு வந்து நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றும். ராஜமும் அப்படி வரைந்திருந்தால், தியாகையர் திருவையாற்றுத் தாத்தா ஒருவராக மட்டும் தெரிவார். நாம் பார்ப்பதோ பாட்டுக்குள் போய்விட்ட ஒருவரை. தானும் பாடுகிறவர் வரைந்த படம் என்பது அந்தக் கண்ணில் தெரிகிறது என்பது என் கட்சி.

இப்படிச் சங்கீதமும் சித்திரமும் ஒருவரிடமே சேர்வது நம் கர்நாடகத்துக்கும் புதிதில்லை. கே. வெங்கடப்பா (1886–1965) கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். வீணை சேஷண்ணாவிடம் வீணை கற்றார். தாளில் வர்ணம் பூசி, தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, மறுபடி பூசுகிற முறை ஒன்று அந்த வங்காளப் பள்ளியில் உண்டு. ஜப்பானிய ஓவியர்கள் மூலம் வந்தது. பனி மூடின மாதிரி ஒரு மென்மை அதில் கிடைக்கும். வெங்கடப்பாவின் ஊட்டி மலைக் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அவர் பெயரில் உள்ள கலைக்கூடம் கஸ்தூர்பா ரோட்டில் இருக்கிறது. ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறினால் கப்பன் பார்க் நிறுத்தம். அங்கிருந்து நடை தூரம்தான். நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

"வரைந்தது கற்பனைதானே ஸார், போட்டோ என்றால் உள்ளதை உள்ளபடி காட்டும்" என்று ஒரு நண்பர் சொன்னார். மைசூர் டி. எஸ். சத்யன் (1923–2009) எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்கும்படி அவரிடம் சொன்னேன். சத்யனின் முழுப் பெயர் சத்யநாராயண ஐயர். 'லைஃப்' பத்திரிகைக்கெல்லாம் படம் எடுத்தவர். 1977-ல் பத்மஸ்ரீ. சர்வதேசக் குழந்தைகள் ஆண்டான 1979-ல், அவர் எடுத்த குழந்தைகள் படங்களை நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையிலேயே கண்காட்சியாக வைத்தார்கள். நம் தெருவில் தினம் பார்க்கிற மாதிரிக் குழந்தைகள்தான். எங்கே நிற்பது, எந்த நொடியில் அழுத்துவது என்பது அவர் தீர்மானம். பெட்டி தானாக எடுத்ததில்லை.

இதையெல்லாம் யோசிக்க வைத்தது ஒரு சின்ன விஷயம். சில வருஷம் முன்பு ராஜத்தின் அச்சுப் படம் ஒன்றைக் கண்ணாடி போடக் கொடுத்தேன். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கடைக்காரர் அடியில் ஒரு அங்குலத்தைக் கத்தரித்துவிட்டார். வரைந்தவர் பெயர் அந்த அங்குலத்தில்தான் இருந்தது. எதிர் வீட்டு மாமாவிடம் சொல்லிப் புலம்பினேன். அவர், "கோயில் விக்ரகத்தில் ஸ்தபதி கையெழுத்துப் போடுகிறாரா என்ன? கும்பிடுகிற படத்துக்குப் பேர் எதுக்குடாப்பா?" என்றார்.

நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "மாமா, ஸ்தபதிக்குத் தியான ஸ்லோகம் இருக்கிறது, சிற்ப சாஸ்திரம் அளவு சொல்லிக் கொடுக்கிறது. தியாகையர் மூக்கு எத்தனை அங்குலம் என்று எந்த ஆகமத்தில் இருக்கிறது? ராஜம் தானே யோசித்து வரைந்தார். அவர் பேர் போய்விட்டால், நம் பேரன் இதைத் தியாகையரின் போட்டோ என்றே நினைப்பான். நாளைக்கு வேறொரு பையன் தன் மனசில் பட்ட தியாகையரை வரைந்தால், 'இது அவர் மாதிரி இல்லையே' என்று நாமே துரத்திவிடுவோம்."

மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "வரைந்தால் கொண்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். ஆனால் மறுநாள் காலையில் கூப்பிட்டு அனுப்பினார். தன் வீட்டு மும்மூர்த்திகள் படத்தைக் கழற்றி, பின்பக்க அட்டையில் எழுதிக் கொடு என்று பென்சிலை நீட்டினார். 'எஸ். ராஜம், மயிலாப்பூர், 1919–2010' என்று எழுதினேன். அதற்குள் மாமி பக்கத்துச் சுவரிலிருந்து குருவாயூரப்பனையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அடியில் தடவித் தடவிப் பார்த்தோம். அச்சகத்தின் பெயர்தான் இருந்தது.