நடக்கும் கால்கள் ஒரு வாசலைத் தேடட்டும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

சற்று முன்னர் ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டன. ஏழைகளுக்கு மருத்துவ உதவி, மாணவர்களுக்குக் கல்வி உதவி, விதவைகளுக்கு மாதாந்திர உதவி என்று இந்த ஜமாஅத் தன் பொருளால் செய்த பணிகளைக் கேட்டு நம் உள்ளம் மகிழ்ந்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆயினும், எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படாத செல்வம் ஒன்று நம் ஒவ்வொருவரிடமும் உள்ளது. அதுதான் அல்லாஹ் நமக்கு அமானிதமாக வழங்கியிருக்கும் இந்த உடல். அந்த உடலைப் பேணுவதும், அதைக்கொண்டு அண்டை வீட்டாருக்குப் பணி செய்வதும் ஒரே செயலாக அமைய முடியும் என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

நம் தாம்பரம் பகுதியில் குளிர்காலம் என்பது இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மார்கழி, தையில் பனி. இந்நான்கு மாதங்களில்தான் காலை நடைப்பயிற்சி செய்வோரின் எண்ணிக்கை குறைகிறது. மழை என்று சில நாட்கள், பனி என்று சில நாட்கள், போர்வையின் இதம் என்று மீதி நாட்கள். அதே நான்கு மாதங்களில்தான் தெருவில் நீர் தேங்குகிறது, காய்ச்சல் பரவுகிறது, முதியவர்களுக்கு மூட்டு வலியும் மூச்சிரைப்பும் மிகுகின்றன, தனித்து வாழ்வோர் வீட்டுக்குள்ளேயே முடங்கிப் போகிறார்கள். நாம் நடக்க மறுக்கும் காலமும் நம் நடை பிறருக்குத் தேவைப்படும் காலமும் ஒன்றாகவே இருக்கின்றன. இதை நாம் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

இதை உங்களுக்கு உபதேசமாகச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என் தவற்றைச் சொல்லியே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் இரத்தத்தில் சர்க்கரையின் அளவு கூடியிருப்பதாகக் கூறிய மருத்துவர், நாள்தோறும் அரை மணி நேரமாவது நடக்குமாறு வலியுறுத்தினார். சுபுஹு தொழுகைக்குப் பின் நடக்கத் தொடங்கினேன். மூன்று வாரங்கள் நடந்தேன். மழை பிடித்தது. நின்றுவிட்டேன். மழை ஓய்ந்த பின்னும் தொடரவில்லை.

அந்த மழைக்காலத்தில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பள்ளிக்கு வருவது நின்றுபோனது. மனைவியை இழந்தவர், பிள்ளைகள் வெளிநாட்டில். தெருவில் தண்ணீர் நிற்பதால் வரவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டேன். நம் மோதினார் ஒருநாள் அவரைப் பார்த்துவிட்டு வந்து, அவர் நான்கு நாட்களாக இரத்த அழுத்த மாத்திரை இல்லாமல் இருக்கிறார் என்றார். வழுக்கிவிடுமோ என்ற அச்சத்தால் அவர் படியிறங்கவே இல்லை. நான் வெட்கித் தலைகுனிந்தேன். ஏனெனில், நான் நடைப்பயிற்சி செய்த அந்த மூன்று வாரங்களிலும் அவருடைய தெருமுனையைக் கடந்துதான் சென்றேன். ஒருநாள் கூட உள்ளே திரும்பவில்லை.

மறுநாள் முதல் சுபுஹுக்குப் பின் ஒரு பால் பொட்டலத்துடன் அவர் வீட்டுக்கு நடக்கலானேன். போக வர முப்பத்தைந்து நிமிடங்கள். மழையிலும் நடந்தேன், பனியிலும் நடந்தேன். முன்பு என்னால் நிலைநிறுத்த முடியாத பழக்கம் இப்போது எப்படி நிலைத்தது? எனக்காக நடந்தபோது, "இன்று வேண்டாம்" என்று என் நஃப்ஸ் சொன்னால் அதை மறுக்க யாருமில்லை. இப்போதோ ஒருவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். சற்றுத் தாமதமானால், "என்ன ஹஜ்ரத், இன்று பத்து நிமிடம் பிந்திவிட்டதே" என்று சிரித்தபடி கேட்கிறார்.

லண்டன் நகரில் தொடங்கப்பட்ட 'குட்ஜிம்' என்னும் அமைப்பைப் பற்றிப் பின்னர் அறிந்தபோது வியந்தேன். அங்கே ஓட்டப் பயிற்சி செய்வோர் தனித்து வாழும் முதியவரின் இல்லம் வரை ஓடிச்சென்று, சற்று நேரம் பேசியிருந்துவிட்டுத் திரும்புகின்றனர். அந்த முதியவரையே அவர்கள் 'பயிற்சியாளர்' என்று அழைக்கிறார்கள். ஓடுபவரைப் படுக்கையிலிருந்து எழுப்புவது அவர்தானே! அதே நாட்டில் 1998-ஆம் ஆண்டு வில்லியம் பேர்ட் என்ற குடும்ப மருத்துவர் 'பசுமை உடற்பயிற்சிக் கூடம்' என்றொரு முறையைத் தொடங்கினார். உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்பைத் தூக்குவதற்குப் பதிலாக, ஊர்ப் பொது இடங்களில் மரம் நடுவதும், புதர் வெட்டுவதும், மண் வெட்டுவதுமே அதில் பயிற்சி.

அன்பார்ந்தவர்களே! இவை நமக்குப் புதியவை அல்ல. ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டில் மதீனாவைக் காக்க அகழ் தோண்டப்பட்டது. குளிர் மிகுந்த காலைப் பொழுதில் முஹாஜிர்களும் அன்சார்களும் தோண்டிக்கொண்டிருந்ததையும், அவ்வேலையைச் செய்து தர அவர்களுக்கு ஏவலாட்கள் இருக்கவில்லை என்பதையும் புகாரி ஷரீபில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மேற்பார்வை மட்டும் செய்யவில்லை. தாமே மண் சுமந்தார்கள். அவர்களுடைய திருமேனியைப் புழுதி மூடியது.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாற்றிலும் ஒரு குளிர் இரவு உண்டு. ஊருக்கு வெளியே பசித்த குழந்தைகளுடன் தங்கியிருந்த பெண்மணியைக் கண்டு, மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து சென்றார்கள். உடன் வந்த அஸ்லம் அவர்கள் தாம் சுமப்பதாகக் கேட்டும் கொடுக்கவில்லை. இன்று நாம் உதவிப் பொருளை ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பின்னர் உடல் இளைப்பதற்காகத் தனியே நடக்கிறோம்! மனிதனின் ஒவ்வொரு மூட்டுக்காகவும் ஒவ்வொரு நாளும் தர்மம் செய்ய வேண்டும் என்றும், பிறர் சுமையை ஏற்றிவிட உதவுவதும், பாதையில் கிடக்கும் தீங்கு தரும் பொருளை அகற்றுவதும் அத்தகைய தர்மங்களே என்றும் நபிமொழி நமக்கு அறிவுறுத்துகிறது. அந்த மூட்டுகள் இயங்கும் நிலையில் இருந்தால்தானே அவற்றுக்குரிய தர்மத்தை நாம் செய்ய இயலும்?

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை நம்மில் யார் மறக்க முடியும்? டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தது. சமய வேறுபாடின்றி மக்கள் ஒருவருக்கொருவர் தோள் கொடுத்தார்கள். அடியேனும் உணவுப் பொட்டலங்களைச் சுமந்து ஒரு குடியிருப்பின் மாடிகளில் ஏறினேன். இரண்டாம் மாடியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். என்னைவிட இருபது வயது மூத்த கொத்தனார் ஒருவர் என் சுமையையும் வாங்கிக்கொண்டு மேலே சென்றார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் முடிச்சூரும் பள்ளிக்கரணையும் மீண்டும் நீரில் தத்தளித்தன. வெள்ளம் வரும் நாளில் உடல் வலிமையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதற்கு முந்தைய மாதங்களில் சேர்த்து வைத்தவரிடமே அது இருக்கும்.

இவ்வாறு உழைத்துப் பயன் கண்டவர்கள் நம் அருகிலேயே இருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு சிட்லபாக்கம் ஏரி வறண்டு கிடந்தபோது, அப்பகுதி மக்கள் திரண்டுவந்து தம் கைகளாலேயே குப்பைகளை அள்ளினர். அதன் பின்னரே அரசின் சீரமைப்புப் பணிகளும் அங்கு நடந்தேறின.

மருத்துவ நோக்கில் எவ்வளவு உழைப்பு போதுமானது? வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பும், வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் மேற்கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. எனவே, பின்வரும் நான்கு பணிகளை நம் ஜமாஅத் ஏற்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, வாசல் தேடும் நடை. தனித்து வாழும் முதியோர், நோயாளிகள் ஆகியோரின் பட்டியலைத் தெருவாரியாகத் தயாரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் இருவரைப் பொறுப்பாக்க வேண்டும். சுபுஹுக்குப் பின் நடந்தே செல்ல வேண்டும், வண்டி கூடாது. பெண்கள் தனித்திருக்கும் இல்லங்களுக்குச் சகோதரிகள் இருவராகச் செல்லலாம். தெருவாசி எச்சமயத்தவராயினும் அவர் நம் அண்டை வீட்டாரே.

இரண்டாவது, ஞாயிறு காலைக் கொசு ஒழிப்பு. டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல நீரில் முட்டையிடுகிறது. அது முழுக் கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தெருவைச் சுற்றி வந்து, பழைய டயர், உடைந்த வாளி, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றிலுள்ள நீரைக் கவிழ்த்தாலே அதன் வளர்ச்சி அறுபடும். குனிந்து நிமிரும் அவ்வேலை முதுகுக்கும் முழங்காலுக்கும் நல்ல பயிற்சி.

மூன்றாவது, மையவாடிப் பணி. மழைக்குப் பின் அங்கே முட்செடிகளும் சீமைக் கருவேலங் கன்றுகளும் மண்டிவிடுகின்றன. ஆண்டுதோறும் கூலி கொடுத்து வெட்டுகிறோம். மாதம் இருமுறை வாலிபர்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்தால், பணம் கட்டிச் செய்யும் பயிற்சிக்கு அது குறைந்ததன்று. நம் பெற்றோர் உறங்கும் மண்ணை நாமே பேணிய மனநிறைவும் கிட்டும்.

நான்காவது, மழைக்கு முந்திய ஆயத்தம். தரைத்தளத்தில் படுக்கையில் இருக்கும் நோயாளிகள் எந்தெந்த வீட்டில் உள்ளனர், அவர்களைத் தூக்கிவர யார் இருக்கிறார்கள் என்பதை புரட்டாசி மாதத்திலேயே குறித்து வைக்க வேண்டும். தெருவிலுள்ள மழைநீர் வடிகால் வாயில்களை அடைத்திருக்கும் இலையையும் நெகிழிப் பைகளையும் மேலிருந்தே அகற்ற வேண்டும்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். எக்காரணம் கொண்டும் யாரும் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கக் கூடாது. நச்சுவாயு நொடியில் உயிரைப் பறித்துவிடும். அடைப்பு இருந்தால் 2021-இல் உருவான நம் தாம்பரம் மாநகராட்சிக்குத் தகவல் தர வேண்டும். தேங்கிய நீரில் காயமுள்ள காலை வைத்தால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும்; கையுறையும் காலணியும் கட்டாயம். இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்ட பின்னரே மண்வெட்டியைத் தொட வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்போர் வெறும் வயிற்றில் உழைத்தால் சர்க்கரை திடீரெனக் குறைந்து மயக்கம் வரலாம். சட்டைப் பையில் பேரீச்சம்பழம் இருக்கட்டும். போகிப் பண்டிகைக் காலையில் புகைமூட்டம் மிகுந்திருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று வெயில் ஏறிய பின் வெளியே வரட்டும்.

இறுதியாக நிய்யத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உதவி பெறுவோரைப் புகைப்படம் எடுக்காதீர்கள். ஒரு முதியவரின் தளர்ச்சி நம் விளம்பரத்திற்கு உரியதன்று. "அவருக்கு நான் உதவுகிறேன்" என்ற எண்ணம் தலைதூக்கினால், எனக்கு நேர்ந்ததை நினைவில் கொள்ளுங்கள். சென்ற முறை பரிசோதனையில் என் சர்க்கரை அளவு குறைந்திருப்பதைக் கண்ட மருத்துவர், என்ன செய்தீர்கள் என்று கேட்டார். "ஒரு பெரியவர் எனக்கு வைத்தியம் செய்கிறார்" என்றேன். நான் அவருக்குக் கொண்டு செல்வது ஒரு பால் பொட்டலம். அவர் எனக்குத் தந்ததோ ஆரோக்கியம்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் நம் மோதினார் ஒரு குறிப்பேட்டுடன் நிற்பார். அதில் நன்கொடைத் தொகை எழுத வேண்டாம். உங்கள் பெயரையும், எந்தத் தெருவில் எந்த நாட்களில் நடப்பீர்கள் என்பதையும் மட்டும் எழுதுங்கள். அப்படி எழுதியவரை எதிர்நோக்கி ஒரு வீட்டில் ஒரு கதவு திறந்திருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வல்ல நாயன் நம் உடல்களுக்கு ஆரோக்கியத்தையும், உள்ளங்களுக்கு இக்லாஸையும் வழங்கி, சோம்பலிலிருந்தும் இயலாமையிலிருந்தும் நம்மைக் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.